புள்ளி வைக்காத துண்டு

இப்படிக் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. பின்னால் இருப்பவர்களும் கொஞ்சம் நகர்ந்து வாருங்கள், கத்திச் சொல்கிற கதை இல்லை இது. கண்ணுக்கே தெரியாத வெளிச்சத்தைப் பிடித்துவந்து பச்சையாக மாற்றுகிற பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் எதற்காகச் சண்டை போட்டார்கள், எதை உடைத்தார்கள், கடைசியில் எப்படி நெஞ்சு நிறைய மூச்சு விட்டார்கள் என்று சொல்லப்போகிறேன். நல்லபடியாகத்தான் முடியும். அதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், நடுவில் யாரும் முகத்தைச் சுருக்கிக்கொள்ளக் கூடாது பாருங்கள்.

இரண்டு பேரில் சின்னவளுக்குப் பச்சைக்காரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரா என்று கேட்காதீர்கள். பச்சை லேசர், பச்சை லேசர் என்று அவள் ஓயாமல் பேசியதில் அண்ணன் கேலியாகக் கூப்பிட ஆரம்பித்து, பிறகு தபால்காரர் வரைக்கும் அதுவே ஆகிவிட்டது. பெரியவள் அவளுடைய அண்ணி. அண்ணன் மின்சார வேலைகளைப் பார்ப்பவர். அண்ணி படிகங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்குபவள். பச்சைக்காரி அந்தப் படிகங்களை வைத்து லேசர் பெட்டி கட்டுபவள். ஓர் அச்சகத்தின் மாடியில் மூவரும் சேர்ந்து பட்டறை நடத்தினார்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை, நடுவில் சல்லடை மாதிரி துளை துளையாக இருக்கும் இரும்பு மேஜை. தூசி பறக்கும் என்று மின்விசிறி கிடையாது. வேர்த்து விறுவிறுத்து வேலை செய்வார்கள். கீழே அச்சு எந்திரம் ஓடினால் மேலே வெளிச்சம் நடுங்கும். அது சாப்பாட்டுக்கு நிற்கிற நேரம் பார்த்துத்தான் பச்சைக்காரி அளவெடுப்பாள்.

படிகம் என்றால் என்னவென்று நினைக்கிறீர்கள்? பார்த்தால் சின்னக் கண்ணாடிக் கட்டி. விரல் நகத்தை நீட்டி வைத்த அளவு இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியைச் செலுத்தினால், உள்ளே இரண்டு துளி ஒளி சேர்ந்து ஒரே துளியாகும். அந்த ஒரு துளி பச்சை. இந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது, அந்தப் பக்கம் மரகதம் மாதிரிக் கோடு பாயும். எத்தனை தடவை பார்த்தாலும் பச்சைக்காரிக்கு அலுக்காது.

இந்தப் பச்சையை அவள் கண் டாக்டருக்காகச் செய்துகொண்டிருந்தாள். கண்ணுக்குப் பின்னால் கசிகிற நுண்ணிய ரத்தக் குழாய்களைப் பச்சை லேசரால் சுட்டு அடைப்பார்கள். டாக்டரிடம் இருந்த பழைய எந்திரம் பீரோ அளவு. ஆஸ்பத்திரியை விட்டு நகராது. நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி சின்னப் பெட்டி ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. பச்சைக்காரி கட்டிய பெட்டியைக் கையில் பிடித்துத் தூக்கலாம். ஒரே ஒரு குறைதான். அதிலிருந்து வந்த புள்ளி வட்டமாக இல்லை.

போன தடவை டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சுற்றிவளைக்காமல் சொன்னார்: "இத பாரும்மா, நீளமா இருக்கற புள்ளிய வெச்சு நான் யார் கண்ணுக்குள்ளயும் வேலை செய்ய மாட்டேன். பக்கத்துல இருக்கற நல்ல இடத்தையும் சுட்டுடும். வெள்ளிக்கிழமை வரேன். அப்பவும் இப்படித்தான்னா விட்டுடுவோம். எனக்குப் பழைய பீரோவே போதும்."

விட்டுடுவோம் என்ற அந்த ஒரு சொல் பச்சைக்காரியின் தொண்டையில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. இந்தப் பெட்டிக்காக அவள் வேறு எதையும் கையால் தொடவில்லை. வெள்ளிக்கிழமை வட்டம் வரவில்லை என்றால் பெட்டி பரண்மேல் போய்விடும். அத்தனையும் வீண்.

வாரத் தொடக்கத்தில் அவள் வெள்ளைத் தாளில் புள்ளியை விழவைத்து அண்ணியைக் கூப்பிட்டாள்.

"வந்து பாருங்க அண்ணி. இதுவா வட்டம்? வெள்ளரி விதை!"

அண்ணி பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "உன் கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாரு."

"தொடச்சாச்சு."

"அப்ப மூளையத் துடை."

அண்ணன் மூலையில் உட்கார்ந்து கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

நீளம் ஏன் வருகிறது என்று பச்சைக்காரிக்குக் கொஞ்சம் தெரியும். படிகத்தின் உள்கட்டு சாய்வாக இருக்கும். அதனால் உள்ளே பிறக்கிற பச்சை, தாய் ஒளியின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக நடக்காது. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் ஒதுங்கும். முதலில் பிறந்தது அதிகம் ஒதுங்கியிருக்கும், கடைசியில் பிறந்தது தாயின் பக்கத்திலேயே இருக்கும். எல்லாம் சேர்ந்து வெளியே வரும்போது புள்ளி இழுபட்டுப்போகும். படிகத்தைக் குட்டையாக்கினால் ஒதுங்குவது குறையும், ஆனால் பச்சையும் மங்கிவிடும். இதெல்லாம் தெரிந்தும் அவள் மனது வேறு காரணத்தைத் தேடியது. படிகத்தின் குணத்தைத் திருத்த முடியாது. பாலிஷில் கோளாறு என்றால் திருத்திவிடலாம் அல்லவா?

"அண்ணி, தப்பா நெனக்காதீங்க. உங்க பாலிஷ்ல எங்கயோ சாய்வு விழுந்திருக்கு."

அண்ணனின் இருமல் சட்டென்று நின்றுவிட்டது.

"என் பாலிஷா?" என்றாள் அண்ணி. "இந்தக் கை தேச்சு அனுப்பினது ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா? கேளு உங்கண்ணன. நான் முகம் பாத்துப் பொட்டு வைக்கறதே என் படிகத்துலதான். எதுத்த வீட்டு ஜன்னல் கோணலா இருந்தாக்கூட எனக்குத் தலைவலி வரும். எனக்கா சாய்வு?"

"ஒரு சந்தேகம்தான அண்ணி..."

"சந்தேகப்படு. நல்லாப் படு. நான் போய்ச் சமைக்கறேன்."

அண்ணியிடம் அடக்கத்தை மட்டும் தேடாதீர்கள், கிடைக்காது. ஆனால் அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது, பேச்சில்தான் இல்லை. "தங்கச்சிக்குக் குழம்பு ஊத்து" என்று அண்ணன் சொன்னால், கரண்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டு அண்ணி தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். நடுவில் அகப்பட்ட அந்த மனிதர் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தலையாட்டினார்.

இங்கேதான் தவறு நடந்தது, கேளுங்கள்.

படிகத்துக்கு ஈரம் ஆகாது. அதனால் அதை எப்போதும் கதகதப்பான ஒரு சின்னப் பெட்டியில் வைத்திருப்பார்கள். எடுக்க வேண்டுமானால் சூட்டை அணைத்துவிட்டு, அதுவாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்; கைக்குச் சூடு தெரிந்தால் திறக்காதே. அந்தப் பட்டறையில் இதுதான் சட்டம். அண்ணன்கூட மீறியதில்லை.

புதன்கிழமை காலையில் அண்ணி வருவதற்கு முன்பே பச்சைக்காரி பட்டறைக்கு வந்தாள். பாலிஷில் சாய்வைக் கண்டுபிடித்துக் காட்டிவிட வேண்டும் என்ற வேகம் அவளுக்கு. சூட்டை அணைத்தாள். உள்ளங்கையை வைத்தாள். சுட்டது. ஒரு நிமிடம் நின்றாள், மறுபடி வைத்தாள். இன்னும் சுட்டது. படியில் அண்ணியின் செருப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. சட்டென்று திறந்து, இடுக்கியால் படிகத்தை எடுத்து விளக்கடியில் வைத்தாள். வைத்த இடம் இரும்பு மேஜை, குளிர்ந்து கிடந்த இரும்பு.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். நகம் வெட்டுகிற சத்தம்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும். படிகம் குறுக்கே இரண்டாகிக் கிடந்தது.

பச்சைக்காரி இடுக்கியைக் கீழே வைத்தாள். முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு படிகம் வளர்த்து எடுக்க மாதக்கணக்காகும். வெள்ளிக்கிழமையோ நாளை மறுநாள்.

அண்ணி உள்ளே வந்தாள். மேஜையைப் பார்த்தாள், திறந்திருந்த பெட்டியைப் பார்த்தாள், நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள்.

"சூடா இருக்கும்போதே எடுத்தியா?"

"ம்."

"எதுக்கு?"

மறைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியதுதான். ஆனால் அந்த முகத்துக்கு எதிரில் வாய் பொய் சொல்ல மறுத்துவிட்டது. "உங்க பாலிஷ்ல குத்தம் கண்டுபிடிக்கத்தான் அண்ணி."

அண்ணி திட்டப்போகிறாள் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அண்ணி துண்டுகளை இடுக்கியால் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளக்கில் பார்த்தாள்.

"கண்டுபிடிச்சியா?"

"இல்ல."

"பின்ன? இருந்தாத்தான கண்டுபிடிக்க." அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அழுது தொலைக்காத, இங்க ஈரம் ஆகாது. உடைஞ்ச மூஞ்சியத் தேச்சுட்டா ரெண்டையும் ஒண்ணு பின்னால ஒண்ணா வெக்கலாம். மொத்த நீளம் அதே நீளம். ஏதோ கொஞ்சம் பச்சையாவது வரும். டாக்டருக்கு வெறும் மேஜையக் காட்டறதுக்கு அது பரவால்ல."

பச்சைக்காரி எண்ணெயையும் பாலிஷ் பொடியையும் எடுத்துவந்து வைத்தாள்.

ஒரு துண்டு பெரிது, இன்னொன்று சிறிது. தேய்ப்பதற்குத் துண்டுகளை மெழுகு வைத்து ஒரு தட்டில் நிறுத்துவார்கள். ஒரே தட்டில் இரண்டையும் நிறுத்தினால் இரண்டும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நெட்டையானது மட்டும் தேயும், குட்டையின்மேல் தேய்ப்பே படாது.

"பெரிசக் குறைக்கப் போறீங்களா? வேணாம் அண்ணி!" என்று கெஞ்சினாள் பச்சைக்காரி. "ஒரு நூல் அளவு தேஞ்சாலும் வெளிச்சம் குறையும். தனித்தனியாத் தேய்ங்க."

"தனித்தனியாத் தேச்சா டாக்டர் அடுத்த வாரம்தான் வரணும். வரச் சொல்லட்டுமா?"

பெரிய துண்டு சிறியதன் உயரத்துக்கு இறங்கியது. தண்ணீர் படாமல், எண்ணெயில் குழைத்த பொடியால், அண்ணி எட்டு எட்டாகக் கையைச் சுழற்றித் தேய்த்தாள். அன்று முழுக்கத் தேய்த்தாள், மறுநாளும் தேய்த்தாள். உடைந்த முகம் மட்டும் இல்லை. அதிர்ச்சியில் கீறல் விழுந்திருக்கும் என்று மறுமுனைகளையும் புரட்டித் தேய்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பச்சைக்காரி பொடி எடுத்துக் கொடுத்தாள், நெற்றி வேர்வை படிகத்தில் விழாமல் துடைத்துவிட்டாள். "இன்னும் கொஞ்சம் மேல துடை, புருவத்துல அரிக்குது" என்று அண்ணி அதிகாரம் செய்தாள். துடைத்துத் துடைத்தே அவர்களுக்குள் பேச்சு திரும்பிவிட்டது. யார் முதலில் பேசினார்கள் என்று இருவருக்கும் நினைவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. மெழுகைத் துடைத்தெடுத்துத் துண்டுகளைப் பட்டுத்துணிமேல் வைத்தாள் அண்ணி. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே அளவு. பச்சைக்காரி குனிந்து பார்த்தாள், மறுபடி பார்த்தாள்.

"அண்ணி, புள்ளி எங்க?"

படிகத்துக்கு மேல் எது கீழ் எது, முன் எது பின் எது என்று பார்த்தால் தெரியாது. அதனால் அண்ணி எப்போதும் முன்பக்கத்து மேல் ஓரத்தில் ஊசிமுனையால் ஒரு புள்ளி வைப்பாள். உடைந்தபோது அந்தப் புள்ளி ஒரு துண்டோடு போய்விட்டது. மற்ற துண்டுக்குத் தேய்க்கும் முன் புதிதாக ஒரு புள்ளி வைத்திருக்க வேண்டும்.

அண்ணியின் கை நெற்றிக்குப் போனது. "ஐயோ. வெக்கலடி."

"நீங்களா?"

"நான்தான்."

"எதுத்த வீட்டு ஜன்னலுக்குத் தலைவலி வர்ற நீங்களா?"

"கிண்டல் பண்ணாத, ஆக வேண்டியதப் பாரு." என்றாலும் அண்ணியின் உதட்டோரம் துடித்தது. பச்சைக்காரிக்கோ, அத்தனை பயத்திலும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கின மாதிரி இருந்தது. தவறு செய்தவள் அவள் ஒருத்தி மட்டும் இல்லை.

துண்டின் அகலம் வேறு, உயரம் வேறு. ஆகவே நான்கே விதமாகத்தான் அதைத் தாங்கியில் உட்காரவைக்க முடியும். ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கீழே போய் அண்ணன் அச்சகக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி எந்திரத்தை நிறுத்தி வைத்தார்.

புள்ளி உள்ள துண்டு முன்னால். புள்ளி இல்லாத துண்டு அதன் பின்னால். முதல் விதம் வைத்து, கோணத்தைச் சரிசெய்யும் திருகைத் திருகி, லேசரை விட்டாள் பச்சைக்காரி. தாளில் ஒன்றுமே இல்லை. முதல் துண்டு பெற்ற பச்சையை இரண்டாவது துண்டு தின்றுவிட்ட மாதிரி இருட்டு.

"ஐயோ" என்றாள் அண்ணி.

"இருங்க, இது தப்பான பக்கம்." என்றாள் பச்சைக்காரி. மேல் கீழாகப் புரட்டி வைத்தாள். மங்கலாக ஏதோ புகை போல ஒரு நிழல் தெரிந்தது, அதையும் பச்சை என்று சொல்ல முடியாது.

மூன்றாவது விதத்தில் பச்சை பளிச்சென்று வந்தது. அண்ணன் கை தட்டினார். ஆனால் பச்சைக்காரி தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதே வெள்ளரி விதை. உடைவதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே.

"இதுதான் சரியான பக்கம்" என்றாள் மெதுவாக. "பழையபடி ஆயிடுச்சு. அவ்வளவுதான் அண்ணி. டாக்டர் வந்து பாத்துட்டு வேணாம்னு சொல்லிடுவாரு. பரவால்ல."

"நாலாவது?"

"சரியான பக்கம் தெரிஞ்சுபோச்சே. அதுவும் இருட்டாத்தான் இருக்கும்."

"இருட்டா இருந்தா இருந்துட்டுப் போகுது. நாலு பக்கம் இருக்குன்னு சொன்னல்ல? பாதிச் சோத்துல எந்திரிக்கற பழக்கம் உனக்கு எப்பவும் இருக்கு. வை."

"டாக்டர் வர்ற நேரம்..."

"வைடின்னா!"

வைத்தாள். மேலே இருந்தது மேலேயே இருக்க, முன்முகத்தைப் பின்னால் திருப்பி, வந்த வழியைப் பார்க்கத் திரும்பி நிற்கிற ஆள் மாதிரி அந்தத் துண்டை நிறுத்தினாள். லேசரை விட்டாள். திருகை ஒரு பக்கம் திருகினாள், ஒன்றும் இல்லை. மறுபக்கம் திருகினாள்.

பச்சை பொங்கி வந்தது. தாளில் விழுந்தது விதை இல்லை, கண்ணுகளா. மிளகு! ஒரு மிளகை எடுத்து நடுவில் வைத்த மாதிரி உருண்டையாக, கூர்மையாக, துளிகூட இழுபடாமல் நின்றது.

பச்சைக்காரி தாளைத் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தாள். கண்ணாடியைக்கூடத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். மிளகு மிளகாகவே இருந்தது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

"அண்ணி... முதல் துண்டு பச்சைய இந்தப் பக்கம் ஒதுக்குது. ரெண்டாவது துண்டு திரும்பி நிக்குது இல்ல? அதோட சாய்வும் திரும்பிடுச்சு. ஒதுங்கினத அப்படியே எடத்துக்குக் கூட்டிட்டு வந்துடுது. ரெண்டும் ஒரே நீளம்ங்கறதால போன தூரமும் வந்த தூரமும் சரியாப் போச்சு!" அவள் அண்ணியின் எண்ணெய்க் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பெரிசக் குறைக்காம விட்டிருந்தா வட்டம் வந்திருக்காது. புள்ளி வெச்சிருந்தா நான் இப்படி வெச்சே பாத்திருக்க மாட்டேன்."

"நீ உடைக்காம இருந்திருந்தா நான் தேய்ச்சே இருக்க மாட்டேன்" என்றாள் அண்ணி. "அப்ப மொத்தத்துல என் பாலிஷ்ல குத்தம் இல்ல. அத முதல்ல சொல்லு."

"இல்ல அண்ணி. இல்லவே இல்ல."

"சத்தமா. உங்கண்ணனுக்குக் கேக்கணும்."

"அண்ணி பாலிஷ்ல குத்தம் இல்ல!" என்று கத்தினாள் பச்சைக்காரி. கத்தியதும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். ஈரம் ஆகாது என்று அண்ணன் அவளை மேஜையிலிருந்து தள்ளி நிறுத்தினார். அவருடைய கண்ணையும் யாராவது தள்ளி நிறுத்தியிருக்க வேண்டும்.

டாக்டர் வந்தார். கைப்பையை வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினார். தாளைப் பார்த்தார். தாம் கொண்டுவந்திருந்த பொம்மைக் கண்ணுக்குள் புள்ளியை விட்டுப் பார்த்தார். அங்கே இங்கே நகர்த்தினார், மறுபடி பார்த்தார். இவர்கள் மூவரும் சுவரோடு சுவராக நின்றிருந்தார்கள். அச்சகத்தில் எந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. புள்ளி லேசாக நடுங்கியது, ஆனால் உருண்டையாகவே நடுங்கியது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "போன தடவை நீளமா இருந்துச்சு. என்னம்மா பண்ணுனீங்க?"

"உடைச்சோம் டாக்டர்" என்றாள் பச்சைக்காரி.

"விளையாடாதீங்க."

"நெஜமாத்தான். நான் உடைச்சேன், அண்ணி புள்ளி வைக்க மறந்தாங்க."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. "அப்ப அடுத்த பெட்டியையும் இதே மாதிரி உடைச்சுக் குடுங்க. இத இன்னும் ஒரு மாசம் சோதிச்சுப் பாப்பேன், நல்லபடியா இருந்தா வெளியில கொண்டுபோவேன். ஒரு பாட்டி கட்டில விட்டு எறங்க முடியாம எனக்காகக் காத்துட்டிருக்காங்க. அவங்க வீட்டுக்குத்தான் முதல்ல."

பச்சைக்காரி சுவரில் சாய்ந்தாள். இத்தனை நாளாகத் தொண்டையில் நின்ற முள் எப்போது கரைந்தது என்று தெரியவில்லை. வெறும் எச்சில் விழுங்குவதுகூட அப்போது அவளுக்கு இனிப்பாக இருந்தது.

பின்னால் ஒருநாள் படித்துப் பார்த்ததில், இப்படி இரண்டு படிகங்களைத் திருப்பி வைக்கிற உபாயத்தை வேறு ஊர்களில் வேறு யாரோ முன்னமே கண்டுபிடித்திருந்தார்கள் என்று தெரிந்தது. வருத்தப்பட்டாளா என்று கேட்கிறீர்களா? அட, இல்லை. "அப்பாடா, அப்ப நாம செஞ்சது தப்பில்ல" என்று சொல்லி இன்னொரு தடவை மூச்சுவிட்டாள். அண்ணிக்குத்தான் பொறுக்கவில்லை. "அவங்க தெரிஞ்சு திருப்பினாங்க. தெரியாமத் திருப்பினது நாமதான். அது யாருக்கு வரும்?" என்றாள்.

டாக்டர் சொன்னபடி பெட்டி அந்தப் பாட்டி வீட்டுக்குப் போய் வந்தது. அதற்குப் பிறகு பட்டறையில் புதுப் படிகம் வந்தால் இருவரும் சேர்ந்தே கதகதப்புப் பெட்டிக்கு முன்னால் நிற்பார்கள். பச்சைக்காரி உள்ளங்கையை மூடிமேல் வைப்பாள், அவள் கைமேல் அண்ணி தன் கையை வைப்பாள். "ஆறிடுச்சா?" "இன்னும் இல்ல அண்ணி." "அப்ப டீ குடிக்கலாம் வா."

கதை இவ்வளவுதான், என் கண்ணுகளா. உங்கள் வீட்டில் ஒருவர் ஒரு பக்கம் ஒதுங்கினால், கைப்பிடித்துத் திருப்பிக் கூட்டிவர இன்னொருவர் எப்போதும் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் கடைசிவரை வெளிச்சம் குறையாமல் இருக்கட்டும். கை தவறி உடைந்ததும் உங்களுக்கு நல்லதாகவே முடியட்டும். போய் நிம்மதியாகச் சாப்பிடுங்கள், நன்றாக இருங்கள்.